கதை வாசித்து யோசிக்கப் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதையை வாசித்து முடித்த கையோடு "சரி, இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?" என்று கேட்கிறோமே, பெரும்பாலும் அங்கேதான் எல்லாம் கெடுகிறது. டீச்சர் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார் என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும், அதனால் கதையை விட்டுவிட்டு நம் முகத்தைப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

லியோ லியோனியின் 'ஃபிரெடெரிக்' (1967) கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்துக்காக மற்ற எலிகள் தானியம் சேர்க்கின்றன, ஃபிரெடெரிக் மட்டும் வெயிலையும் நிறங்களையும் சொற்களையும் சேர்ப்பதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறது. சேர்த்ததெல்லாம் தீர்ந்துபோனபோது அதன் சொற்கள்தான் மற்ற எலிகளுக்குத் தெம்பு தருகின்றன. 'கவிஞர்களை மதிக்க வேண்டும்' என்று நாமே முடித்துவைத்தால் பேச்சு அதோடு நின்றுவிடும். ஃபிரெடெரிக் செய்தது வேலைதானா, தானியம் சேர்க்காதவருக்கும் பங்கு உண்டா, அதை யார் முடிவு செய்வது என்று கேட்டுப் பாருங்கள், தத்துவமும் குடிமையியலும் தனித்தனிப் பாடமாக இல்லாமல் ஒன்றாகவே வந்துவிடும். "அது சோம்பேறி, ஒன்றும் கொடுத்திருக்கக் கூடாது" என்று ஒரு பிள்ளை சொன்னால் பதறித் திருத்தாதீர்கள். உடம்பு முடியாத எலியாக இருந்தால் என்ன செய்யலாம் என்று கேளுங்கள், வரும் பதிலை இன்னொரு பிள்ளையிடம் தள்ளிவிடுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. எது சொன்னாலும் "அருமை, அடுத்து யார்?" என்று நகர்ந்துபோவது. கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். சிறுவர்களுக்கான தத்துவக் கல்வியை 1970களில் வளர்த்தெடுத்த மேத்யூ லிப்மன் வகுப்பை ஒன்றுசேர்ந்து கேள்வி கேட்டு ஆராயும் ஒரு குழுவாகத்தான் பார்த்தார்: காரணம் சொல்ல வேண்டும், எதிர்க்காரணம் வந்தால் காதுகொடுக்க வேண்டும், தேவைப்பட்டால் மனதை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த உழைப்பு இல்லாவிட்டால் அது வெறும் அரட்டை.

அறிவுரைக்காகவே செய்த கதைகளையும் தவிருங்கள். நல்லவர் யார், கெட்டவர் யார் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டால் விவாதிக்க என்ன இருக்கிறது?

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. ஜனநாயகத்தைப் பற்றிய கதையை வாசித்துவிட்டு, யார் பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம், எந்தக் கேள்வியை எடுக்கலாம் என்பதையெல்லாம் டீச்சரே தீர்மானிப்பது. கேள்விகளைப் பிள்ளைகள் எழுதட்டும், எதைப் பேசுவது என்று அவர்களே வாக்களிக்கட்டும், தோற்ற கேள்வியைக் கேட்ட பிள்ளைக்கு என்ன நியாயம் செய்வது என்பதையும் அவர்களே பேசி முடிவெடுக்கட்டும். அப்புறம், வாயே திறக்காத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாலே போதும்.