இளம் ஆட்டக்காரர்களைக் கொடுத்து நட்சத்திரத்தை வாங்கலாமா? என்பிஏ டிரேடை எடைபோடும் முறை

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஒரு டிரேட் (அணிகள் ஆட்டக்காரர்களைக் கைமாற்றிக்கொள்வது) செய்தி வந்ததும் "அந்தப் பையனையா கொடுத்துவிட்டார்கள்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பொது மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்க வேண்டும். நம் அணியின் தலைசிறந்த ஆட்டக்காரர் யார், அவருக்கு என்ன வயது என்பது முதல் கேள்வி. வரப்போகிறவரின் வயதும் ஒப்பந்தமும் அடுத்தது. மூன்றாவது, கொடுக்கும் டிராஃப்ட் பிக்குகள் (ஆண்டுதோறும் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க அணிக்குக் கிடைக்கும் இடங்கள், தோற்கும் அணிகளுக்கு மேலான இடம்) எந்தெந்த ஆண்டுக்குரியவை என்பது. இளைஞர்களின் பெயர்கள் அதற்குப் பிறகுதான். இப்படி வரிசையாகப் போனால் பாதி டிரேடுகள் இரண்டாவது கேள்வியைத் தாண்டாது.

கையில் யார் இருக்கிறார்?

2019-இல் லேக்கர்ஸ் அணி லான்சோ பால், பிராண்டன் இங்கிராம், ஜாஷ் ஹார்ட் மூவரோடு, அந்த ஆண்டின் 4-ஆம் பிக் உட்பட மூன்று முதல் சுற்று பிக்குகளையும் கொடுத்து ஆந்தனி டேவிஸை வாங்கியது. அடுத்த சீசனிலேயே இங்கிராம் ஆல்-ஸ்டார் ஆனார். ஆனாலும் அது சரியான டிரேட்தான். லெப்ரான் ஜேம்ஸுக்கு அப்போது 34 வயது. இங்கிராம் முழுதாக வளரும்வரை அவரால் காத்திருக்க முடியாது. டேவிஸுக்கு 26 வயது, அன்றே உச்சத்தில் இருந்தார். 2020-இல் கோப்பை வந்தது.

இதே விலையை, நட்சத்திரமே இல்லாத 25 வெற்றி அணி கொடுத்தால் என்ன ஆகும்? டேவிஸ் தனியாளாக அதை 40 வெற்றிவரை இழுத்துப் போவார். அங்கே கோப்பையும் கிடைக்காது, நல்ல டிராஃப்ட் இடமும் கிடைக்காது. லீக்கின் முதல் 15 பேரில் ஒருவராவது ஏற்கனவே உங்களிடம் இல்லையென்றால், பெரிய டிரேடைத் தொடாதீர்கள் என்பதே எங்கள் முடிவான கருத்து.

பிக்குகளின் ஆண்டைப் பாருங்கள்

அதிகம் ஏமாறுவது இங்கேதான். எதிர்காலத்தில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் முதல் சுற்று பிக் இல்லாத நிலைக்கு ஓர் அணி தன்னைத் தள்ளிக்கொள்ள முடியாது. 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லண்ட் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் பிக்குகளை வாரி இறைத்ததால் வந்த விதி இது. ஏழு ஆண்டுகளுக்கு அப்பால் உள்ள பிக்கையும் கொடுக்க முடியாது. அதனால் பெரிய டிரேடுகள் எல்லாம் ஒரே அச்சில் வருகின்றன. 2022-இல் ரூடி கோபேருக்காக மினசோட்டா கொடுத்தவை 2023, 2025, 2027, 2029. 2023-இல் கெவின் டுரான்ட்டுக்காக ஃபீனிக்ஸ் கொடுத்தவையும் அதே நான்கு ஆண்டுகள். இடையில் வரும் ஆண்டுக்கு ஸ்வாப் எழுதுவார்கள், அதாவது இரு அணிகளின் பிக்குகளில் மேலானதை எதிரணி எடுத்துக்கொள்ளும்.

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பிக்கின் ஆண்டு. வலப்பக்கம் அந்த ஆண்டில் உங்கள் முக்கியமான மூன்று ஆட்டக்காரர்களின் வயது. மூவரில் இருவர் 33-ஐத் தாண்டியிருக்கும் ஆண்டின் பிக், உண்மையில் லாட்டரி பிக், அதாவது தோற்கும் அணிகளுக்குக் குலுக்கலில் கிடைக்கும் மேலான இடம். அதற்கு அந்த விலையைப் போடுங்கள்.

2013-இல் புரூக்ளின் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் கையெழுத்திட்டிருக்காது. அன்று பால் பியர்ஸுக்கு 35 வயது, கெவின் கார்னெட்டுக்கு 37. அவர்களுக்காக பாஸ்டனுக்குப் போனவை 2014, 2016, 2018 பிக்குகளும் 2017 ஸ்வாப்பும். 2016-இல் இருவருமே புரூக்ளினில் இல்லை. அந்தப் பிக் 3-ஆம் இடத்தில் விழுந்து ஜெய்லன் பிரவுன் ஆனது. 2017 ஸ்வாப் முதலிடத்தையே பிடித்தது. பாஸ்டன் அதை ஃபிலடெல்ஃபியாவிடம் கொடுத்து, இரண்டு இடம் இறங்கி, இன்னொரு பிக்கையும் வாங்கிக்கொண்டு ஜேசன் டேட்டமை எடுத்தது. 2024-இல் பாஸ்டன் கோப்பை வென்றபோது முன்னணியில் நின்றவர்கள் இந்த இருவர்தான்.

ஆகவே பேரத்தில் இழுபறி வந்தால், முதல் இரண்டு ஆண்டு பிக்குகளைத் தாராளமாகக் கொடுங்கள். புது நட்சத்திரத்தோடு நீங்கள் வெல்லும் ஆண்டுகள் அவை, 25-ஆம் இடத்துக்குக் கீழேதான் விழும். ஐந்தாம், ஆறாம் ஆண்டு பிக்குக்குப் பாதுகாப்பு கேளுங்கள், அதாவது அது உச்சி இடங்களில் விழுந்தால் உங்களிடமே தங்க வேண்டும் என்ற நிபந்தனை. 2029 பிக்குக்கு மினசோட்டா டாப்-5 பாதுகாப்பு வாங்கியது. எல்லாம் கவிழ்ந்தாலும் உச்சி இடம் கைவிட்டுப் போகாது.

எந்த இளைஞரைக் கொடுப்பது?

ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். தோற்கும் அணியில் யாராவது ஒருவர் பந்தை எறிந்துதான் ஆக வேண்டும், அவருக்குப் புள்ளி சேரும். உண்மையான எறிதல் விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். எடுத்த புள்ளிகளை, கள எறிதல்களோடு (ஆட்டத்தின்போது கூடையை நோக்கி எறிந்தவை) தனி எறிதல்களில் (ஃபவுலுக்குக் கிடைப்பவை) 0.44 பங்கைக் கூட்டி இரட்டித்த எண்ணால் வகுக்க வேண்டும். 18 கள எறிதல், 4 தனி எறிதலில் 20 புள்ளி எடுத்தவருக்கு 50.6 சதவீதம் வரும். 11 கள எறிதல், 5 தனி எறிதலில் 16 புள்ளி எடுத்தவருக்கு 60.6. இரண்டாமவரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், தலைப்புச் செய்தியில் முதலாமவர் பெயர் வந்தாலும்.

மூன்று புள்ளி எறிதலில் ஒரே சீசன் சதவீதத்தை நம்பாதீர்கள். நூறு, நூற்றைம்பது எறிதல்களில் ஏற்ற இறக்கம் மிக அதிகம். தனி எறிதல் சதவீதத்தையும் சேர்த்துப் பாருங்கள். 80-க்கு மேல் இருப்பவர் பின்னால் நல்ல எறிவாளராக வாய்ப்பு உண்டு. 60-களில் இருப்பவரிடம் அதை எதிர்பார்ப்பது வீண்.

ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டரின் முதல் சீசன் சராசரி 10.8 புள்ளிதான். ஆனால் 82 ஆட்டங்களிலும் இறங்கினார், 73-இல் தொடக்க ஐவரில் நின்றார், அதுவும் பிளே-ஆஃப் போன அணியில். பந்தைக் கையில் வைத்து விளையாடும் உயரமான கார்டு (பின்கள ஆட்டக்காரர்), 21 வயது நிறையவில்லை. 2019 ஜூலையில் பால் ஜார்ஜுக்காக கிளிப்பர்ஸ் அவரையும் கலினாரியையும் ஐந்து முதல் சுற்று பிக்குகளையும் இரண்டு ஸ்வாப்களையும் ஓக்லஹோமா சிட்டிக்குக் கொடுத்தது. அந்தப் பிக்குகளில் ஒன்று ஜெய்லன் வில்லியம்ஸ் ஆனது. 2025-இல் கோப்பை ஓக்லஹோமா சிட்டிக்கு, எம்விபி (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருது கில்ஜஸ்-அலெக்ஸாண்டருக்கு. ஜார்ஜ் 2024-இல் விலகிப் போனபோது கிளிப்பர்ஸ் கையில் பதிலுக்கு ஒன்றும் இல்லை.

2025-இல் ஹூஸ்டன் தேர்ந்தெடுத்த விதத்தையும் பாருங்கள். டுரான்ட்டை வாங்க அது கொடுத்த இளைஞர் ஜெய்லன் கிரீன், 2021-இன் 2-ஆம் பிக். அணியில் அதிகப் புள்ளி எடுப்பவர்களில் ஒருவர். ஆனால் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரான ஏழு ஆட்டத் தொடரில் ஒரு நாள் 38 எடுத்தவர், நான்கு நாள் 10-ஐக்கூட எட்டவில்லை. ஆமென் தாம்ப்சனையும் ஷெங்குனையும் ஹூஸ்டன் தொட விடவில்லை. கிரீனோடு போன 10-ஆம் பிக் ஃபீனிக்ஸின் சொந்தப் பிக்தான். முன்பு டுரான்ட்டுக்காகக் கைமாறி ஹூஸ்டனிடம் வந்து சேர்ந்ததை, அதே டுரான்ட்டைக் கொடுத்து ஃபீனிக்ஸ் திரும்ப வாங்கிக்கொண்டது.

சம்பளம் பொருந்துமா?

பல ரசிகர்களின் டிரேட் யோசனைகள் இங்கேதான் உடைகின்றன. நட்சத்திரத்தின் சம்பளம் 4 கோடியே 50 லட்சம் டாலர் என்று வையுங்கள். முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் மூன்று இளைஞர்களுக்குத் தலா 80 லட்சம் என்றால் மொத்தம் 2 கோடியே 40 லட்சம். இது போதாது, இரு பக்கச் சம்பளமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். பெரிய சம்பளம் வாங்கும் அனுபவசாலி ஒருவரும் சேர்ந்து போக வேண்டும். அப்படி ஒரு ஒப்பந்தத்தை முன்கூட்டியே அணியில் வைத்திருப்பது பொது மேலாளரின் வேலை.

லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2023 ஒப்பந்தத்துக்குப் பிறகு பிடி இறுகிவிட்டது. 2025-26 சீசனில் முதல் ஏப்ரன் (அணியின் மொத்தச் சம்பளம் தாண்டினால் கட்டுப்பாடு வரும் கோடு) 19 கோடியே 59 லட்சம் டாலர், இரண்டாவது 20 கோடியே 78 லட்சம். முதல் ஏப்ரனுக்கு மேல் இருக்கும் அணி, அனுப்பும் சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகமாக வாங்க முடியாது. இரண்டாவதுக்கு மேல் இருந்தால் பல சம்பளங்களைக் கூட்டி ஒருவரை வாங்கவே முடியாது. டிரேட் முடிந்த பின் மொத்தச் சம்பளம் எங்கே நிற்கும் என்பதை அந்த ஆண்டுக்கு மட்டுமல்ல, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் எழுதிப் பாருங்கள். மலிவு ஒப்பந்தத்தில் இருந்த இளைஞர்களைக் கொடுத்துவிட்ட அணிக்கு பெஞ்சை நிரப்ப ஆள் கிடைக்காது. டுரான்ட், புக்கர், பீல் மூவரையும் வைத்துக்கொண்டு ஃபீனிக்ஸ் திணறியதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு சிக்கல். இளைஞர் ஒப்பந்த நீட்டிப்பில் கையெழுத்திட்டு அது இன்னும் தொடங்கவில்லை என்றால், அனுப்பும் அணிக்கு அவருடைய இப்போதைய சம்பளம் கணக்கில் வரும். வாங்கும் அணிக்கோ இப்போதையதும் புதியதும் சேர்ந்த சராசரி வரும். இரண்டு பக்கக் கணக்கும் ஒட்டாமல் டிரேடே நின்றுபோகும்.

ஒப்பந்தமும் நேரமும்

ஓர் ஆண்டே மீதமுள்ள நட்சத்திரத்துக்கு முழு விலை கொடுக்காதீர்கள். 2018-இல் டொரான்டோ அப்படிப்பட்ட கவாய் லெனர்டை வாங்க டிரோசன், போல்டல், டாப்-20 பாதுகாப்புள்ள ஒரே ஒரு பிக் மட்டும் கொடுத்தது, கூடவே டேனி கிரீனும் வந்தார். 2019-இல் கோப்பை வென்றதும் கவாய் போய்விட்டார். டொரான்டோவின் மற்ற பிக்குகள் பத்திரமாக இருந்தன.

முடிந்தால் கோடையிலேயே வாங்குங்கள். பிப்ரவரியில் வாங்கினால் 82 ஆட்டங்களில் ஏறக்குறைய முப்பதுதான் மிஞ்சும். அதில் காயம் வந்தால் எல்லாம் போயிற்று. 2023 பிப்ரவரியில் வந்த டுரான்ட், அந்தச் சீசனின் லீக் ஆட்டங்களில் ஃபீனிக்ஸுக்காக ஆடியது எட்டே எட்டுதான்.

சிறிய டிரேடை மறக்காதீர்கள்

2024 பிளே-ஆஃபில் ஓக்லஹோமா சிட்டிக்கு ஒரு சிக்கல் வந்தது. ஜாஷ் கிடியை டல்லாஸ் தடுப்பாளர்கள் மூன்று புள்ளிக் கோட்டில் தனியே விட்டுவிட்டு மற்றவர்களைச் சூழ்ந்தார்கள். தொடர் முடிவதற்குள் கிடி தொடக்க ஐவரில் இடம் இழந்தார். குவிந்து கிடந்த பிக்குகளை அள்ளிக் கொடுத்து அந்த அணி பெரிய பெயரைத் தேடிப் போகவில்லை. 21 வயது கிடியைக் கொடுத்து 30 வயது அலெக்ஸ் கரூஸோவை ஒன்றுக்கு ஒன்றாக வாங்கியது, பிக் எதுவும் போகவில்லை. அடுத்த ஆண்டு டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் 196 செ.மீ. கரூஸோ, 211 செ.மீ. யோகிச்சின் முன்னால் போய் நின்று, பந்து அவர் கைக்கு வராமல் தடுத்துக்கொண்டிருந்தார். பெரிய டிரேடுக்குப் போகும் முன், உங்கள் அணி பிளே-ஆஃபில் தோற்ற கடைசித் தொடரின் ஆட்டங்களை உட்கார்ந்து பாருங்கள். எதிரணி யாரைத் தனியே விட்டது, யாரைக் குறிவைத்துத் தாக்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டை ஒன்றுதான் என்றால், அதை அடைக்க ஓர் இளைஞரும் ஒரு கரூஸோவும் போதும்.