வேலை போன பிறகு வரும் பணத்தில் 401கே பிடிப்பார்களா?

நியூஜெர்சியில் ஒரு கம்பெனியின் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். லே-ஆஃப் ஆன நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, செவரன்ஸ் பணத்தில் 401கே (சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் ஓய்வுக்காலச் சேமிப்பு) பிடித்துக்கொள்ளலாமா என்பதுதான். முடியாது. அதற்கு வருமான வரி பிடிப்போம், ஆண்டுச் சம்பளத்தையும் வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவத்திலும் காட்டுவோம். ஆனாலும் அது வேலை போனதற்காகத் தரும் தொகை. 401கே விதிகள் அதைச் சம்பளமாகக் கணக்கில் எடுப்பதில்லை. மாதாமாதம் தவணையாக வந்தாலும் அப்படித்தான்.

அதனால் செட்டில்மென்ட் தாள் வந்ததும் மொத்தத் தொகையை விட்டுவிட்டு, ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். வேலையில் தொடர்ந்திருந்தாலும் இந்தப் பணம் வந்திருக்குமா? கடைசிச் சம்பளம், ஓவர்டைம், கமிஷன், போனஸ் எல்லாம் வந்திருக்கும். இவற்றில் பிடிக்கலாம், ஆனால் கெடு உண்டு. வேலை முடிந்து இரண்டரை மாதம், அல்லது திட்டத்தின் ஆண்டு முடிவு (பெரும்பாலும் டிசம்பர் 31), இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் பணம் கைக்கு வந்திருக்க வேண்டும்.

ஜூன் 12-ல் விலகியவருக்கு நவம்பரில் வரும் போனஸ் தேறும். நவம்பர் 28-ல் விலகியவருக்கு ஜனவரி 15-ல் வரும் கமிஷனும் தேறும்; மார்ச்சில் வந்தால் தேறாது. அந்த ஜனவரிப் பிடித்தம், 401கேயில் ஆண்டுக்கு இவ்வளவுதான் போடலாம் என்ற வரம்பில், புது ஆண்டின் கணக்கில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2026-க்கு 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வரம்பு 24,500 டாலர். அது ஆளுக்குத்தான், கம்பெனிக்கு அல்ல. பழைய கம்பெனியில் பிடித்த தொகை புதுக் கம்பெனிக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எடுக்காத லீவுக்கான பணமும் ஒத்திவைத்த சம்பளமும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். திட்டச் சுருக்க ஆவணத்தில் ‘காம்பன்சேஷன்’ என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். பிடிபடவில்லை என்றால் ஹெச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள், போனில் கேட்டதோடு விடாதீர்கள். உங்கள் பிடித்தத்துக்கு ஈடாகக் கம்பெனி தன் பங்காகப் போடும் மேட்ச்சைப் பற்றியும் அதிலேயே கேட்டுவிடுங்கள். ஆண்டின் கடைசி நாள் வேலையில் இருந்தால்தான் மேட்ச் என்று சொல்லும் திட்டங்களும் உண்டு.

அப்புறம், இன்னும் கொஞ்சம் சேமிக்க நினைத்தால் கடைசிச் சம்பளம் ஓடுவதற்கு முன்பே 401கே பிடித்தச் சதவீதத்தை உயர்த்துங்கள். பணம் வங்கிக்கு வந்துவிட்டால் அதைத் திருப்பி 401கேயில் போட வழியில்லை.