சிங்கிள்ஸ் சந்திப்பு நடத்துகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

லண்டனிலும் நியூயார்க்கிலும் 2021-இல் அறிமுகமான 'தர்ஸ்டே' என்ற டேட்டிங் செயலி வியாழக்கிழமை மட்டுமே திறந்தது. அன்று கிடைத்த பொருத்தங்கள் நள்ளிரவோடு அழிந்துவிடும். வாரக்கணக்கில் சாட் செய்து சலித்துப்போகாமல் அன்றைக்கே போய்ச் சந்திக்கட்டும் என்பதுதான் நோக்கம். அருமையான யோசனை. ஆனால் ஆட்களை வாசல்வரை கொண்டுவந்து விடுவதோடு செயலியின் வேலை முடிந்துவிடுகிறது. பெரும்பாலான சந்திப்புகள் சொதப்புவது வாசலுக்கு உள்ளேதான்.

முதல் தவறு டிக்கெட்டில் நடக்கிறது. இலவசம் என்றால் பெயர் கொடுத்தவர்கள் சின்னத் தூறலுக்கே வராமல் இருந்துவிடுவார்கள். சிறு தொகையாவது வாங்குங்கள். ரத்து செய்ய முந்தின நாள் மாலைவரை அவகாசம் கொடுத்தால், காத்திருப்புப் பட்டியலில் இருப்பவரைக் கூப்பிட நேரம் கிடைக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடங்களைத் தனித்தனியாக ஒதுக்குங்கள். ஒரு பக்கம் சீக்கிரம் தீரும், இன்னொரு பக்கம் இழுக்கும். எந்தப் பக்கம் என்பது ஊருக்கும் வயதுக்கும் தகுந்தபடி மாறும். வயது வரம்பை 25 முதல் 45 வரை என்று அகலமாகப் போட்டால் இரு முனையில் இருப்பவர்களும் ஏமாந்துபோவார்கள். எட்டு, பத்து வருட இடைவெளி போதும்.

அடுத்தது கணக்கு. பாதிப் பேர் மேசைகளில் உட்கார்ந்திருக்க, மற்றப் பாதிப் பேர் மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு நகர்ந்து, எதிரே இருப்பவரோடு சில நிமிடம் பேசும் 'ஸ்பீடு டேட்டிங்' முறைக்கான கணக்கு இது. 12 ஆண்கள், 12 பெண்கள், ஆளுக்கு 5 நிமிடப் பேச்சு, எழுதவும் இடம் மாறவும் 1 நிமிடம் என்றால் 72 நிமிடம். நடுவில் 15 நிமிட இடைவேளை விட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கூட்டம் சேர்கிறதே என்று 20 ஜோடியாக்கினால் இடைவேளை இல்லாமலே இரண்டு மணி நேரம் ஓடும். கடைசியில் உட்காருபவருக்குக் கிடைப்பது களைத்துப்போன முகம்தான். ஒருவர் வராமல் போனால் ஒரு மேசை காலியாகும். அதை 'ஓய்வு மேசை' என்று முன்பே அறிவித்துவிடுங்கள், தனியாக உட்காருபவருக்குக் கூச்சம் இருக்காது. ஒரே பாலினத்தவருக்கான சந்திப்பில் பாதிப் பேர் உட்கார, பாதிப் பேர் நகரும் முறை செல்லாது. அங்கே ஒருவரை அசையாமல் இருத்தி மற்ற எல்லாரையும் வட்டமாக நகர்த்த வேண்டும். 12 பேருக்கு 6 மேசை, 11 சுற்று.

மணி அடிக்கக் கூச்சப்படாதீர்கள். 1998-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் யூத மதகுரு யாக்கோவ் டேயோ தொடங்கிவைத்த ஸ்பீடு டேட்டிங்கின் உயிரே அதில்தான் இருக்கிறது. மணி அடித்தால் எல்லாரும் எழுந்தாக வேண்டும், 'போதும்' என்று யாரும் யார் முகத்துக்கு நேராகவும் சொல்ல வேண்டியதில்லை.

மேசையையும் கவனியுங்கள். இரண்டடி அகலத்துக்கு மேல் போனால் கத்திப் பேச வேண்டும். ஸ்பீக்கர் பக்கத்தில் மேசை போடவே கூடாது. விருப்பத்தைச் செல்போனில் குறிக்கச் சொன்னால், அந்த ஒரு நிமிடத்தில் கண் வாட்ஸ்அப்புக்குப் போய்விடும். கையகல அட்டையும் பேனாவும் கொடுங்கள். அட்டையில் பெயர், மேசை எண், ஆம், இல்லை, பக்கத்தில் ஒரு வரி இடம். 'நீலச் சட்டை, மலையேற்றம்' என்று எழுதிவைத்தால்தான் இரவு வீட்டுக்குப் போனதும் யார் யார் என்று ஞாபகம் வரும்.

மேசையிலேயே போன் நம்பர் கேட்க விடாதீர்கள். இருவரும் 'ஆம்' என்றால் மட்டும் மறுநாள் மதியத்துக்குள் இருவருக்கும் தெரிவியுங்கள். பொருத்தம் அமையாதவருக்கும் கட்டாயம் தகவல் போக வேண்டும், பதிலே வராமல் காத்திருப்பது மிகவும் வலிக்கும்.

பாதுகாப்பைக் கடைசி நேர வேலையாக விடாதீர்கள். வாசலில் அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரையும் வயதையும் சரிபாருங்கள். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் 2016-இல் தொடங்கிய ஒரு முறை உண்டு: சங்கடத்தில் இருப்பவர் கவுன்டரில் போய் 'ஏஞ்சலா இருக்கிறாரா?' என்று கேட்டால், ஊழியர் சத்தமில்லாமல் அவரை வெளியே அழைத்துப்போய் வண்டி ஏற்றிவிடுவார். இப்படி ஒரு சங்கேத வார்த்தையைக் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். அன்றைக்கு வேலைக்கு வந்த புது ஊழியருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டியும் பயனில்லை.

கடைசிச் சுற்று முடிந்ததும் எல்லா விளக்கையும் போட்டு நாற்காலியை அடுக்க ஆரம்பிப்பார்கள். அரங்கை இன்னும் 45 நிமிடத்துக்குச் சேர்த்து வாடகைக்கு எடுங்கள். மணி இல்லாமல், நின்றபடியே, 'அந்தப் பேச்சைப் பாதியில் விட்டோமே' என்று இருவர் தொடங்குவது அப்போதுதான்.