ரயிலின் உடம்பில் எழுதியிருப்பதைப் படிப்பது எப்படி?

வண்டி பிளாட்ஃபாரத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் தேடுவது எஸ்-4, பி-2 என்கிற பலகையைத்தான். அது அந்தப் பயணத்துக்கு மட்டும் மாட்டிய அடையாளம். நாளைக்கே அதே பெட்டி எஸ்-7 ஆகிவிடலாம். ஆனால் ஒவ்வொரு இன்ஜினுக்கும் பெட்டிக்கும் வேகனுக்கும் சொந்தப் பெயரும் எண்ணும் பெயின்டில் எழுதப்பட்டிருக்கும். இந்திய ரயில்வேயில் அவற்றை எப்படிப் படிப்பது என்று இன்ஜினில் தொடங்கி வால்வரை பார்ப்போம். எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்த எழுத்து எந்தக் கேள்விக்குப் பதில் என்று தெரிந்தால் போதும்.

படி 1: இன்ஜினின் மூன்று எழுத்துகள்

இன்ஜினின் பக்கவாட்டில் ஐந்து இலக்க எண் ஒன்றும், டபிள்யூஏபி-7 போன்ற வகைப் பெயர் ஒன்றும் இருக்கும். வகைப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் எழுத்து, எந்த அகலத் தண்டவாளத்தில் ஓடும் என்பதைச் சொல்கிறது. டபிள்யூ என்றால் 1676 மி.மீ. அகலப்பாதை. ஒய் என்றால் மீட்டர் கேஜ். இசட், என் இரண்டும் குறுகிய பாதைகள்: முன்னது 762 மி.மீ., பின்னது 610 மி.மீ. இன்று கண்ணில் படுவது கிட்டத்தட்ட எல்லாமே டபிள்யூதான். ஒய் பார்க்க ஆசை என்றால் நீலகிரி மலை ரயிலுக்குப் போங்கள். குன்னூருக்கும் உதகைக்கும் இடையே இழுப்பது ஒய்டிஎம்-4 டீசல். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை, 12 அடிக்கு ஓர் அடி ஏறும் பல்சக்கரப் பாதையில், பெட்டிகளைக் கீழிருந்து தள்ளிக்கொண்டு போகும் நீராவி இன்ஜினுக்கு 'எக்ஸ்' என்ற ஒற்றை எழுத்துதான் பெயர். அது பழைய கணக்கு, இந்த விதிக்குள் வராது.

இரண்டாவது எழுத்து எரிசக்தி. டி என்றால் டீசல். ஏ என்றால் மேலே போகும் கம்பியிலிருந்து 25,000 வோல்ட் ஏசி மின்சாரம் எடுக்கும் இன்ஜின். சி என்பது மும்பைப் பக்கம் 1500 வோல்ட் டிசி கம்பி இருந்த காலத்தது.

மூன்றாவது எழுத்து வேலை. பி பயணிகள் வண்டிக்கு, ஜி சரக்குக்கு, எம் இரண்டுக்கும், எஸ் யார்டில் பெட்டிகளை நகர்த்தும் ஷன்டிங்குக்கு.

பி-க்கும் ஜி-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டால், டபிள்யூஏஜி-9, டபிள்யூஏபி-7 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் அக்கா தங்கை. சரக்கு இன்ஜினான ஏஜி-9-இன் கியர் விகிதத்தை மாற்றித்தான் ஏபி-7-ஐ உருவாக்கினார்கள். சக்தி ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஒன்று மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பெரும் சுமையை இழுக்கும். மற்றொன்று 140 கி.மீ. வரை ஓடும்.

கடைசியில் வரும் எண், அந்த வகையில் அது எத்தனையாவது மாடல் என்று காட்டும். சில டீசல்களில் மட்டும் அது குதிரைத்திறன், ஆயிரக் கணக்கில். டபிள்யூடிஜி-4 என்றால் 4000 குதிரைத்திறன். பழைய டபிள்யூடிஎம்-2-க்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள், அது 2600.

அப்புறம், இன்ஜினில் ஈரோடு, அரக்கோணம், ராயபுரம் என்று ஊர்ப் பெயரும் எழுதியிருக்கும். அது ஷெட்டின் பெயர். பராமரிப்புக்கு அந்த இன்ஜின் அங்கேதான் திரும்பிப் போக வேண்டும்.

படி 2: பெட்டி ஐசிஎஃப்-ஆ, எல்ஹெச்பி-ஆ?

பெட்டியின் எழுத்துகளுக்குப் போகுமுன் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே எட்டிப் பாருங்கள். (வண்டி நிற்கும்போது, பிளாட்ஃபாரத்தில் நின்றபடி!) இரண்டு ஓரங்களிலும் வட்டத் தட்டு போன்ற பஃபர்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, நடுவில் திருகிப் பூட்டிய ஸ்குரு கப்ளிங் இருந்தால் அது பழைய ஐசிஎஃப் பெட்டி. ஓரத்தில் பஃபரே இல்லாமல், நடுவில் இரண்டு கைகள் கோத்ததுபோல் ஒரே கொக்கி மட்டும் இருந்தால் எல்ஹெச்பி.

ஐசிஎஃப் என்பது 1955-இல் பெரம்பூரில் தொடங்கிய தொழிற்சாலை. அங்கே சுவிட்சர்லாந்து வடிவமைப்பில் செய்த பெட்டிகளுக்கும் அதே பெயர் நின்றுவிட்டது. எல்ஹெச்பி ஜெர்மன் வடிவமைப்பு. 2018 முதல் பெரம்பூரிலும் பழைய மாதிரியை நிறுத்திவிட்டார்கள். ஆகவே 'ஐசிஎஃப்-இல் செய்த எல்ஹெச்பி பெட்டி' என்று யாராவது சொன்னால் குழம்ப வேண்டாம்.

இந்த வேறுபாடு பயணிக்கும் முக்கியம். எல்ஹெச்பி நீளம் கூடியது என்பதால் ஸ்லீப்பரில் 72-க்குப் பதில் 80 படுக்கை, மூன்றடுக்கு ஏசியில் 64-க்குப் பதில் 72. விபத்து நேர்ந்தால் ஒரு பெட்டி இன்னொன்றின்மேல் ஏறாமல் தடுப்பதற்கும் அந்த நடுக் கொக்கி உதவுகிறது. புறப்படும்போது சில வண்டிகளில் 'டொக்' என்று ஓர் உலுக்கல் வருமே, அதுவும் இதே கொக்கியின் உபயம்தான்.

படி 3: பெட்டியின் எழுத்துகளும் எண்ணும்

எல் டபிள்யூ ஏசி சிஎன் என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். எல் என்றால் எல்ஹெச்பி. டபிள்யூ இங்கே தண்டவாள அகலம் இல்லை. அடுத்த பெட்டிக்குள் நடந்துபோக வழி உண்டு என்று பொருள். ஏசி தெரிந்ததே. சிஎன் மூன்றடுக்கு. அதுவே சிடபிள்யூ என்றால் இரண்டடுக்கு, சிஇசட் என்றால் உட்காரும் இருக்கை. பழைய ஸ்லீப்பரில் டபிள்யூ ஜி எஸ் சிஎன் என்றிருக்கும்: நடைவழி உண்டு, ஓடும்போதே தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தயாரிக்கும், இரண்டாம் வகுப்பு, மூன்றடுக்கு.

எண்ணில் முதல் இரண்டு இலக்கம் செய்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கம் வெறும் வரிசை எண் அல்ல, வகையையும் சொல்லும். 51 முதல் 100 வரை இரண்டடுக்கு ஏசி, 101 முதல் 150 வரை மூன்றடுக்கு ஏசி, 201 முதல் 400 வரை ஸ்லீப்பர், 401 முதல் 600 வரை பொதுப் பெட்டி. ஆக, 05234 என்றால் 2005-இல் செய்த ஸ்லீப்பர். புதிய பெட்டிகளில் ஆறு இலக்க எண்ணும் உண்டு. ஆண்டு மட்டும் அதே இடத்தில்தான்.

பெட்டியின் ஓரத்தில் பிஓஹெச் என்று ஒரு மாதமும் ஆண்டும் சின்னதாக எழுதியிருக்கும். கடைசியாகப் பணிமனையில் முழுதாகப் பிரித்துப் பழுது பார்த்த தேதி அது. எனக்கு ரயிலில் மிகவும் பிடித்த எழுத்து இதுதான். பெட்டி எத்தனை பழையது என்பதைவிட, கடைசியாக எப்போது கவனித்தார்கள் என்பதுதானே விஷயம்.

வந்தே பாரத், மெமு, புறநகர் மின்ரயில் ஆகியவற்றில் தனி இன்ஜினைத் தேடாதீர்கள். மோட்டார்கள் பெட்டிகளின் அடியிலேயே இருக்கின்றன.

படி 4: கூட்ஸ் வண்டி

பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். படிக்க நிறைய இருப்பதும் இதில்தான். பாக்ஸ்-என் (பி-ஓ-எக்ஸ்-என்), பிசிஎன், பிடிபிஎன் என்று எழுதியிருக்கும். முதலில் வரும் பி, போகி. அதாவது அடியில் நான்கு சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டம். (பெட்டியையே போகி என்று சொல்வது நம் வழக்கம், ரயில்வே ஏட்டில் அது வேறு.) அடுத்து ஓ வந்தால் திறந்தது, சி வந்தால் மூடியது, டி வந்தால் டேங்கர். கடைசி என், காற்று பிரேக். பாக்ஸ்-என்-இல் நிலக்கரி, பிசிஎன்-இல் அரிசி, சிமென்ட், உரம், பிடிபிஎன்-இல் பெட்ரோல், டீசல். என்எம்ஜி என்று இருந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள்: வயதான பயணிகள் பெட்டியின் ஜன்னல்களை அடைத்து, கார் ஏற்றும் வண்டியாக மாற்றியிருப்பார்கள்.

வேகனின் எண் 11 இலக்கம். முதல் இரண்டு வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம், அடுத்த இரண்டு ஆண்டு, அடுத்த நான்கு வரிசை எண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. எழுதும்போது யாராவது ஓர் இலக்கத்தைத் தவறவிட்டால் இது காட்டிக்கொடுத்துவிடும்.

ஓர் உதாரணத்துக்கு 31 06 11 2478 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, நான்காவது, ஆறாவது, எட்டாவது, பத்தாவது இலக்கங்களைக் கூட்டுங்கள்: 1+6+1+4+8 = 20. அதை மூன்றால் பெருக்கினால் 60. மீதி இலக்கங்கள் 3+0+1+2+7 = 13. மொத்தம் 73. அடுத்த முழுப் பத்து 80. அதற்கு இன்னும் 7 வேண்டும். சரி, பதினோராவது இலக்கம் 7. அடுத்த முறை கூட்ஸ் வண்டி நிற்கும்போது ஒரு வேகனின் எண்ணை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

படி 5: வால்

பயணிகள் வண்டியின் கடைசிப் பெட்டியின் பின்பக்கம் பெரிய எக்ஸ் குறி இருக்கும், கூடவே எல்வி (லாஸ்ட் வெஹிக்கிள், அதாவது கடைசிப் பெட்டி) என்ற பலகையும் தொங்கும். இரவில் சிவப்பு விளக்கு மினுக்கும். ஸ்டேஷன் ஊழியர்கள் ஒவ்வொரு வண்டியும் கடக்கும்போது இதைப் பார்த்தே ஆக வேண்டும். எல்வி வராமல் வண்டி போனால், நடுவில் கழன்று சில பெட்டிகள் பாதையிலேயே நிற்கின்றன என்று சந்தேகிக்க வேண்டும். சந்தேகம் தீரும்வரை அந்தப் பாதையில் பின்னால் வரும் வண்டிக்கு அனுமதி கிடையாது.