தோப்பை நாலுவழிச் சாலைக்கு எடுத்தபோது: என் அனுபவம்

எங்கள் தென்னந்தோப்பின் நடுப்பகுதி நாலுவழிச் சாலைக்குப் போனது. 1956 தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி, அரசிதழில் அறிவிப்பு வெளியான 21 நாளுக்குள் ஆட்சேபணை தரலாம். தந்தோம், சாலை நகரவில்லை. இழப்பீட்டு உத்தரவைப் பார்த்ததும் வயிறெரிந்தது. 'புஞ்சை தரிசு' என்று போட்டிருந்தார்கள். காய்க்கிற மரங்கள் கணக்கில் இல்லை. தாத்தா வெட்டிக் கல்கட்டிய கிணறும் இல்லை.

பணத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, இழப்பீட்டுத் தகராறை விசாரிக்கும் நடுவரிடம் மனு கொடுத்தேன். எங்களுக்குக் கலெக்டர்தான் நடுவர். கை கொடுத்தது அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) நகல், அதில் வி.ஏ.ஓ. வருஷாவருஷம் 'தென்னை' என்றே எழுதி வந்திருக்கிறார். கூடவே தோட்டக்கலை அலுவலரின் மர மதிப்பீடு, பம்புசெட் மின் இணைப்பு அட்டை, கிணற்றின் போட்டோ.

நில விலைக்கு 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டத்தைக் காட்டினேன். முந்தைய 3 ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயங்களில் அதிக விலையுள்ள பாதியை எடுத்துச் சராசரி போட வேண்டும். அதன்மேல் 100 சதவீதம் ஆறுதல் தொகை, அதாவது கட்டாயமாக நிலம் எடுப்பதற்காகத் தரும் கூடுதல் பணம். 2015 ஜனவரி 1 முதல் இது நெடுஞ்சாலை நிலத்துக்கும் உண்டு.

பலர் கேட்காமலே விடுவது, நிலம் துண்டாவதால் வரும் நஷ்டம். கிணறு போனதால் இருபுறமும் மிஞ்சிய தோப்புக்குத் தண்ணீர் இல்லை. நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஜி(7) பிரிவைச் சொல்லி அதைத் தனியாகக் கேட்டேன். மரம், கிணறு, துண்டான நிலம் மூன்றுக்கும் தொகை சேர்ந்தது. நில விலை மட்டும் ஏறவில்லை. அதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறேன்.