செடிச்சாறு மலேரியா கிருமிய கொல்லுதான்னு லேப்ல பாக்குறது எப்படி

சாறு எடுக்குறப்பவே கவனமா இருங்க, சூட்டுல சில பொருள் வீணாயிடும், 1971ல சீனாவுல து யூயூ டீம் ஆர்ட்டிமீசியா இலைய கொதிக்க விடாம ஈதர்ங்குற கரைப்பான்ல எடுத்த பிறகுதான் எலியில நல்லா வேலை செஞ்சுச்சு, ஆர்ட்டிமிசினின்ங்குற மலேரியா மருந்து வந்ததே அப்படித்தான்.

அடுத்து ஃபால்சிபாரம்ங்குற மலேரியா ஒட்டுண்ணிய மனுஷ சிவப்பணுவுல 37 டிகிரில, ஆக்சிஜன் கம்மியா வெச்சு வளக்கணும். 96 குழி பிளேட்ல சாறை பாதி பாதியா நீர்க்க வெச்சு போட்டு, 72 மணி நேரம் கழிச்சு டிஎன்ஏல ஒட்டி மின்னுற சைபர் கிரீன் சாயம் ஊத்தி ஒளிய அளங்க. முதிர்ந்த சிவப்பணுவுல நியூக்ளியஸ் கிடையாது, அதனால டிஎன்ஏ மின்னுச்சுன்னா அது ஒட்டுண்ணியோடதுதான், எவ்ளோ அழகான ஐடியா பாருங்க!

ஒப்பிட்டு பாக்க வெறும் டிஎம்எஸ்ஓ (சாறை கரைக்குற திரவம்) போட்ட குழியும் குளோரோகுயின் (தெரிஞ்ச மலேரியா மருந்து) குழியும் கட்டாயம் வேணும், டிஎம்எஸ்ஓ 0.5 சதவீதத்த தாண்டக்கூடாது. சில சாறு (சப்போனின்ங்குற நுரைக்குற பொருள் இருக்குறது முக்கியமா) சிவப்பணுவையே உடைச்சிரும், ஒட்டுண்ணி வளர எடமே இல்லாம ஒளி கொறையும், நாம மருந்துன்னு நம்பிருவோம், அதனால ஜீம்சா சாயம் போட்ட ஸ்லைட மைக்ரோஸ்கோப்ல கண்ணால பாத்துருங்க.

3டி7ங்குற ஃபால்சிபாரம் ரகத்துல ஜெயிச்சா குளோரோகுயினுக்கு அடங்காத டிடி2 ரகத்துலயும் போடுங்க. மனுஷ செல்ல கொல்ற அளவு ஒட்டுண்ணிய கொல்ற அளவவிட 10 மடங்காவது அதிகமா இருந்தா மட்டும் பெர்கேய் (எலிய தாக்குற மலேரியா ஒட்டுண்ணி) தொத்தின எலிக்கு, நாலு நாள் சாறு குடுத்து பாக்குற டெஸ்டுக்கு போங்க.