புகைப்படங்களால் கதை சொல்வது: களம் முதல் படக்குறிப்பு வரை

இருபது நல்ல படங்கள் கையில் இருந்தும் கதை வராமல் போவதுண்டு. எல்லாமே ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் எடுத்தவையாக, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்பவையாக இருப்பதே பெரும்பாலும் காரணம். புகைப்படக் கட்டுரையில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தனி வேலை இருக்க வேண்டும். வேறொரு படம் ஏற்கெனவே செய்த வேலையையே செய்யும் படம், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

முதலில் ஒரு வாக்கியம்

கேமராவைத் தொடுவதற்கு முன் கதையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதில் ஓர் ஆளும் ஒரு மாற்றமும் இருக்க வேண்டும். 'செயற்கைக் கால் பொருத்தும் மையம்' என்பது வெறும் தலைப்பு. 'விபத்தில் காலை இழந்த ஆசிரியை மறுபடி வகுப்பறையில் நிற்கத் தயாராகிறார்' என்பது கதை. இப்படி எழுதியதுமே எடுக்க வேண்டிய படங்களும் தெரிந்துவிடும்: மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி அச்சு எடுப்பது, தொழில்நுட்பர் காலைச் செதுக்கித் தேய்ப்பது, இருபக்கக் கம்பிகளைப் பிடித்து வைக்கும் முதல் அடி, கடைசியில் வகுப்பறை.

நேரம் ஒதுக்குங்கள். 1948-ல் அமெரிக்காவின் 'லைஃப்' இதழுக்காகக் கொலராடோவின் கிராமப்புற மருத்துவர் ஒருவரைப் படமெடுத்த யூஜின் ஸ்மித், 23 நாட்கள் அவருடனேயே இருந்தார். உங்களுக்கு அரை நாள்தான் கிடைக்கலாம். அதிலும் முதல் அரை மணி நேரம் பேசுவதற்கும் வெளிச்சத்தைக் கவனிப்பதற்கும் போகட்டும். கேமரா இருப்பதை மக்கள் மறக்கத் தொடங்கிய பிறகுதான் இயல்பான படங்கள் வரும்.

களத்தில்

இடம் முழுவதும் தெரியும் அகலமான காட்சி, வேலை நடக்கும் நடுத்தரத் தூரக் காட்சி, கைகளையும் கருவிகளையும் காட்டும் நெருக்கமான காட்சி, முகம், இருவருக்கு இடையிலான பரிமாற்றம், ஒரு செயலின் தொடக்கம் முதல் முடிவு வரையான வரிசை. இந்த ஆறும் இருந்தால் மேசையில் உட்காரும்போது தடுமாற்றம் இருக்காது. பெரும்பாலானோர் விட்டுவிடுவது நெருக்கமான காட்சியைத்தான். செதுக்கும் கையில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தூள், அந்த வேலை எவ்வளவு பொறுமை கேட்கிறது என்பதை ஒரு பத்தி எழுத்தைவிட நன்றாகச் சொல்லும்.

அகலமான காட்சிக்கு 24 முதல் 35 மி.மீ. லென்ஸ், முகத்துக்கு ஏறக்குறைய 85 மி.மீ. லென்ஸ் வசதியாக இருக்கும். செல்பேசியின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. அதை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் விழும். இரண்டு அடி பின்னால் வந்து, செல்பேசியில் தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் தனி டெலிஃபோட்டோ லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள்.

உட்கார்ந்து பேசுபவருக்கு ஷட்டர் வேகம் 1/125 நொடி போதும், நடப்பவருக்கு 1/250, ஓட்டத்துக்கு 1/500-க்கு மேல். வெளிச்சம் போதாவிட்டால் ஷட்டர் வேகத்தைக் குறைக்காமல், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ அளவைக் கூட்டுங்கள். படத்தில் புள்ளி விழுந்தால் வாசகர் பொறுத்துக்கொள்வார், ஆள் மங்கினால் படமே போயிற்று. எல்இடி, ட்யூப்லைட் வெளிச்சத்தில் சில நேரம் படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் வரும். மின்சாரத்தின் அலைவுக்கு ஏற்ப விளக்கு மினுங்குவதுதான் காரணம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/120 வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆளைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் பின்னணியைத் தேர்ந்தெடுங்கள்: தலைக்குப் பின்னால் கம்பம் இல்லாத, சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடம். அங்கே நின்று, ஆள் ஃப்ரேமுக்குள் வரும்வரை காத்திருங்கள். ஒரே உயரத்தில் நிற்காமல் முட்டி போட்டும் எடுங்கள். நாற்காலியில் இருப்பவரை மேலிருந்து எடுத்தால் அவரைச் சிறுமைப்படுத்தியதுபோல் ஆகிவிடும்.

ஒருவரைப் படமெடுத்த கையோடு அவர் பெயரைக் குறிப்பேட்டில் அவரையே எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அடுத்த நாள் எந்த முகம் யாருடையது என்ற குழப்பமும் வராது, எழுத்துப் பிழையும் வராது.

தேர்வு

உண்மையான வேலை இங்கேதான். முதல் சுற்றில் மங்கியவை, கண் மூடியவை போகட்டும். இரண்டாம் சுற்றில் நாற்பதுக்குள் கொண்டுவாருங்கள். பிறகு சிறிய அளவில் அச்சிட்டு மேசையில் பரப்புங்கள், அல்லது திரையில் சிறு படங்களாக அடுக்குங்கள். ஒன்றை எடுத்துவிட்டுப் பாருங்கள். கதை அறுபடவில்லை என்றால் அது தேவையில்லை. மிஞ்சுவது எட்டு முதல் பத்து. எடுக்கப் பட்ட பாட்டுக்காக ஒரு படத்தை வைத்துக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். வாசகருக்கு அந்தப் பாடு தெரியாது.

அடுத்தடுத்த இரண்டு படங்கள் ஒரே தூரத்தில் இருக்க வேண்டாம். படக்குறிப்பு இல்லாமல் விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டி, என்ன நடக்கிறது என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் ஒரு படம் குறைகிறது என்று அர்த்தம்.

படக்குறிப்பு

இரண்டு வாக்கியம் போதும். முதலாவது நிகழ்காலத்தில்: யார், என்ன செய்கிறார், எங்கே, எந்தத் தேதி. இரண்டாவது, படத்தில் தெரியாத பின்னணி. 'நம்பிக்கையோடு நடக்கிறார்' என்று எழுதாதீர்கள்; அவர் மனதில் என்ன இருக்கிறது என்பதை அவர் சொன்னால்தான் தெரியும். 'புதிய காலுடன் முதல் முறையாக ஆறு அடி நடக்கிறார். விபத்துக்குப் பின் பதினான்கு மாதம் ஊன்றுகோலில் இருந்தார்' என்பது போதும். குழுப் படத்தில் பெயர்கள் இடமிருந்து வலம். குறிப்பைக் கோப்பின் ஐபிடிசி புலத்திலேயே (படக் கோப்புக்குள்ளேயே விவரம் எழுதும் இடம்) எழுதிவிட்டால் படம் எங்கே போனாலும் தகவலும் கூடவே போகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கும், தகவலும் அழியும். ஆவணமாக அனுப்புங்கள்.

எதைத் திருத்தலாம்

வெளிச்சம், நிறம், கோணல், அளவான க்ராப் (ஓரங்களை வெட்டுவது) ஆகியவை செய்திப் படத்தில் சரி. எதையும் சேர்க்கவோ அழிக்கவோ நகர்த்தவோ கூடாது. 1982 பிப்ரவரி 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' அட்டையில், கிடைமட்டப் படத்தைச் செங்குத்து அட்டைக்குள் அடக்க கீசாவின் பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்தார்கள். அதற்கு வந்த கண்டனம் இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. உருவப்படத்துக்கு ஆளை நிற்க வைக்கலாம். நடந்து முடிந்ததைத் திரும்பச் செய்யச் சொல்லி, நடந்ததாகவே காட்டுவது செய்தி ஆகாது.

நிறுவனங்களுக்கு எடுக்கும்போது

கைகுலுக்கல், ரிப்பன் வெட்டு, கேடயம் வாங்குதல். ஆவணத்துக்கு ஒன்று எடுத்துவிட்டு, நிகழ்ச்சிக்கு அரை மணி முன்னும் பின்னும் சுற்றுங்கள். கதை அங்கேதான் இருக்கும். எழுத்து வைக்க ஒரு பக்கம் வெற்றிடம் விட்டும், கிடைமட்டம் செங்குத்து இரண்டிலும் எடுங்கள். எங்கே வெளியாகும், எவ்வளவு காலம், மனம் மாறினால் யாரிடம் சொல்வது என்று எழுதிய ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். குழந்தை என்றால் பெற்றோரின் கையெழுத்தோடு குழந்தையின் சம்மதமும் வேண்டும். பின்னணியில் கணினித் திரை, அடையாள அட்டை, மருத்துவக் கோப்பு எதுவும் படிக்கும்படி இருக்கக் கூடாது. பாதுகாப்பு தேவைப்படுபவரின் படத்தில் ஜிபிஎஸ் தகவலை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

இணையத்துக்கு நீளப் பக்கம் 2000 பிக்சல், எஸ்ஆர்ஜிபி (இணையத்துக்கான பொது நிற அமைப்பு) நிறத்தில் ஜேபெக் கோப்பு. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல். எட்டு அங்குல அகலத்துக்கு 2400. மூலக் கோப்பை மாற்றாமல் இரண்டு தனித்தனி இடங்களில் சேமித்த பிறகே மெமரி கார்டை அழியுங்கள்.